ரிமோட் ஸ்டார்ட்டர் கிட்: கதவுப் பூட்டு ஒயரை வைத்து ஒரு மதிப்பீடு

ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு தூரத்திலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பதைத்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதுவே. இந்த கிட்டை எங்கள் ஆட்டோமேட்டிக் காரிலும் அண்ணனுடைய பழைய மேனுவல் கியர் காரிலும் நானே மாட்டினேன். பக்கத்தில் அப்பா இருந்தார். வாழ்நாள் முழுக்க வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவர். இரண்டு வண்டியையும் முடித்தபின் சொல்கிறேன்: இந்தப் பொருளை எடைபோட வேண்டிய இடம், கதவுப் பூட்டுக்கென்று தனியாக வரும் அந்த மூன்று பின் சாக்கெட்.

ஆளில்லாத காரில் எஞ்சின் ஓடப்போகிறது. உள்ளே ஏசி ஓடும், பை இருக்கும், சில நேரம் வீட்டுச் சாவியும் இருக்கும். சாவி இல்லாமல் யாராவது ஏறி பிரேக்கை மிதித்தால் எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு கிட்டில் இருக்கிறது, பானெட்டைத் தூக்கினாலும் நின்றுவிடும். வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது, சரி. ஆனால் கதவு திறந்திருந்தால் உள்ளே கை விட ஒரு நொடி போதும். குழந்தை ஏறி உட்கார்ந்துவிட்டால் அதைவிடக் கவலை. அதனால் பூட்டு ஒயரிங் என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கும் வேலை கிடையாது. பலர் அப்படி ஒதுக்கிவிட்டு, ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷமாக டாஷ்போர்டை மூடிவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் செய்யும் பகுதியைப் பற்றிக் குறை எதுவும் இல்லை. பேட்டரி, இக்னிஷன், ஆக்சஸரி, ஸ்டார்ட்டர் ஒயர்கள் தடிமனாக, ஃபியூஸ் ஹோல்டரோடு வருகின்றன. ஒவ்வொரு ஒயரின் மேலும் பெயர் அச்சடித்திருக்கிறது. கையேட்டிலும் இந்தப் பக்கங்கள் தெளிவு.

கதவுப் பூட்டுப் பக்கத்துக்கு வந்ததும் கையேடு சுருங்கிவிடுகிறது. ஒரே ஒரு படம், கீழே இரண்டு வரி. சாக்கெட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒயர். சிவப்பு 12 வோல்ட். பச்சை ‘நெகட்டிவ் லாக், பாசிட்டிவ் அன்லாக்’. நீலம் அதற்கு நேர் எதிர். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். முதன்முறை மாட்டுகிறவர் இதைப் படித்தால் குழம்பித்தான் போவார். அதன் பொருள் இது: ரிமோட்டில் பூட்டு பட்டனை அழுத்தினால் பச்சை ஒயர் எர்த் (அதாவது நெகட்டிவ்) தரும், அதே நொடியில் நீலம் பாசிட்டிவ் தரும். திறக்கும் பட்டனை அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். ஆக, ஒரே சாக்கெட்டை வைத்துக்கொண்டு எர்த் கேட்கும் வண்டிக்கும் வேலை செய்யலாம், பாசிட்டிவ் கேட்கும் வண்டிக்கும் செய்யலாம். நல்ல யோசனை. முன்னதில் பச்சை லாக் ஒயருக்குப் போகும், பின்னதில் பச்சை அன்லாக் ஒயருக்குப் போகும். இந்த ஒரு வாக்கியத்தைக் கையேட்டில் சேர்த்திருந்தால் எத்தனையோ பேருக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

ஆனால் நம் வண்டி எதைக் கேட்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல் இல்லை.

எங்கள் காரில் ஓட்டுநர் காலடிக்குப் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பேனலைக் கழற்றினேன். கதவிலிருந்து ரப்பர் குழாய் வழியாக வரும் ஒயர்க் கட்டு அங்கேதான் வண்டிக்குள் இறங்குகிறது. கதவின் டோர் பேடைக் கழற்றிச் சுவிட்சுக்குப் பின்னால் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். புதிய ஒயரை அந்த ரப்பர் குழாய்க்குள் நுழைத்து இழுக்கும் பாடும் மிச்சம். அப்பா தன் பெட்டியிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுக்கவே இல்லை. மல்ட்டிமீட்டரைத்தான் நீட்டினார். “இந்தக் காலத்து வண்டியில லாம்ப் வைக்காதம்மா. பல்பு கரண்ட்டை இழுக்கும். உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. மஞ்சள் கனெக்டர் எதையாவது பார்த்தா கையே வைக்காத, அது ஏர்பேக்.” அவர் சொன்னது முழுக்கச் சரி. பழைய பல்பு டெஸ்ட் லாம்ப் எளிதாகச் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். டிஜிட்டல் மீட்டர் இழுப்பது கணக்கில் வராத அளவு. ஏர்பேக் ஒயரில் அந்தக் கரண்ட் போனால் பை வெடித்து விரியும் அபாயமே உண்டு.

மீட்டரின் கறுப்பு முனையை வெறும் இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். அண்ணன் உள்ளே உட்கார்ந்து லாக் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தான். ஓர் ஒயரில் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டை ஒட்டி இருந்தது, லாக் அழுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்கியது. பக்கத்து ஒயரில் அன்லாக் அழுத்தும்போது அதேபோல். அப்படியென்றால் இது எர்த் கேட்கும் வகை. சுவிட்ச் தருவது வெறும் சைகைதான். மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் கன்ட்ரோல் யூனிட். பச்சையை லாக்கிலும் நீலத்தை அன்லாக்கிலும் சேர்த்தால் முடிந்தது என்றுதான் கையேட்டுப் படம் சொல்கிறது.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் வந்தது. அன்லாக் பட்டனை அழுத்தும்போது பச்சை ஒயர் சும்மா இருக்காது, 12 வோல்ட் தரும் என்று மேலே சொன்னேனே. ஓய்வில் 5 வோல்ட் மட்டுமே இருக்கும் ஓர் ஒயருக்குள், கன்ட்ரோல் யூனிட்டின் வாய்க்கு நேராக, 12 வோல்ட்டை அனுப்ப எனக்கு மனமில்லை. ஒவ்வொரு ஒயரிலும், கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4001 டயோடு ஒன்றை வைத்தேன், வெள்ளைக் கோடு கிட் பக்கம் பார்க்கும்படி. எர்த் சைகை போகும், பாசிட்டிவ் திரும்பி வராது. மிகச் சாதாரணமான உதிரி. அதைக் கிட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கலாம், குறைந்தது கையேட்டில் குறிப்பிட்டிருக்கலாம். இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

கிட்டில் சில நீல நிற கிளிப்புகள் வருகின்றன. ஒயரை வெட்டாமல் மேலேயே வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் தகடு இன்சுலேஷனைக் கிழித்துச் செம்பைத் தொடும் வகை. நான் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை. அந்தத் தகடு செம்பு இழைகளில் சிலவற்றை அறுத்துவிடும். வண்டி அதிர அதிரப் பிடி தளரும். பூட்டு ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. தேடுகிறவர் ரிமோட்டைச் சந்தேகிப்பார், பேட்டரியை மாற்றுவார், கிளிப் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்கமாட்டார். இன்சுலேஷனைக் கொஞ்சம் சீவி, ஒயரைச் சுற்றி, சால்டர் வைத்து, துணி டேப் சுற்றினேன். எர்த் ஒயருக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு, போல்ட் வைத்து இறுக்கினேன்.

பூட்டியது, திறந்தது. அடுத்த சோதனையில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. கம்பெனிச் சாவி ரிமோட்டால் வண்டியைப் பூட்டிவிட்டுக் கிட் ரிமோட்டால் திறந்தால், பூட்டு திறக்கிறது, ஆனால் கதவைத் திறந்ததும் ஹாரன் அலறுகிறது. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் அலாரத்துக்கு, உள்ளிருக்கும் சுவிட்ச் ஒயர் வழியாக வந்த ‘திற’ என்ற சைகை உரிமையாளரிடமிருந்து வந்ததாகத் தெரியாது. கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுச் சுவிட்சை அழுத்துகிறவனும் அதே ஒயரைத்தான் அழுத்துவான். அதற்காகத்தான் அலாரம் அதை நம்புவதில்லை. சரியான வடிவமைப்பு. இதற்கென்று கிட்டில் ‘அலாரம் டிஸ்ஆர்ம்’ என்று தனி ஒயர் இருக்கிறது. திறக்கும்போதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பும் அது ஒரு சின்ன எர்த் சைகை தருகிறது. கதவில் சாவி போட்டுத் திருப்பும்போது எர்த் ஆகும் ஒயரைத் தேடிப் பிடித்து அதில் சேர்த்ததும் ஹாரன் அடங்கியது. இந்த ஒயரைக் கொடுத்ததற்காகக் கிட்டைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். மலிவான கிட்டுகளில் இது இருக்காது.

அதோடு முடியவில்லை. எங்கள் காரில் சாவி ஒயருக்கு எர்த் கிடைத்தால் அலாரம் அணைவதோடு ஓட்டுநர் கதவின் பூட்டும் திறந்துகொள்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்யும்போதும் கதவு திறந்துவிடும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான். எஞ்சின் ஓடும், விளக்கு எரியும், கதவு திறந்து கிடக்கும், நாம் மாடியில் இருப்போம். கிட்டின் புரோகிராமிங் பட்டியலில் ‘ஸ்டார்ட் ஆனதும் மீண்டும் பூட்டு’, ‘எஞ்சின் நின்றதும் மீண்டும் பூட்டு’ என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. அவை வரும்போது அணைந்த நிலையில் வருகின்றன. இரண்டையும் இயக்கிவிட்டேன். இப்போது ஸ்டார்ட் ஆகிற சத்தத்தோடு பூட்டு விழுகிற சத்தமும் கேட்கிறது. மாட்டித் தருகிற கடைக்காரரிடம் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: ரிமோட்டில் ஸ்டார்ட் ஆனபிறகு நாலு கதவும் பூட்டியிருக்குமா? அவர் எதிரிலேயே கைப்பிடியை இழுத்துப் பாருங்கள்.

அதே பட்டியலில் ‘இக்னிஷன் போட்டதும் பூட்டு’ என்று ஒன்று இருக்கிறது. அதை அணைத்தே வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட் திறக்க இறங்குகிறவர், சாவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பை அது தேவையில்லாமல் உண்டாக்குகிறது.

அண்ணனுடைய காரில் நிலைமையே வேறு. அதில் கன்ட்ரோல் யூனிட் எதுவும் கிடையாது. மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு ஒயரும் ஓய்வில் பூஜ்யம். லாக் அழுத்தினால் ஒன்று 12 வோல்ட்டுக்கு ஏறுகிறது, அன்லாக் அழுத்தினால் மற்றது. மேலோட்டமாகப் பார்ப்பவர் பாசிட்டிவ் கேட்கும் வகை என்று முடிவு கட்டிவிடுவார். அப்பா விடவில்லை. “சுவிட்சுக்குப் பின்னாடி எத்தனை ஒயர்னு எண்ணு” என்றார். ஐந்து. வெறும் சைகை தரும் சுவிட்சுக்கு மூன்று ஒயர் போதும். ஐந்து இருந்தால், பெரும்பாலும் மோட்டாரின் முழுக் கரண்ட்டும் சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது என்று அர்த்தம்: ஒன்று பேட்டரி, இரண்டு எர்த், இரண்டு மோட்டாருக்கு. சந்தேகம் தீர, ஓட்டுநர் பக்கச் சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து இருக்கைச் சுவிட்சை அழுத்தச் சொன்னார். அதுவும் செத்திருந்தது. அந்தச் சுவிட்ச் எர்த் வாங்குவதே இந்தச் சுவிட்ச் வழியாகத்தான். இதை ‘ரிவர்ஸ் போலாரிட்டி’ என்பார்கள்.

இந்த வகை வண்டியில் அந்த ஒயரை வெட்டாமல், பாசிட்டிவ் சைகையை நேரே அதன்மேல் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஒயர் ஓய்வில் சுவிட்சுக்குள் எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 12 வோல்ட் நேராக எர்த்துக்குப் பாயும். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் கிட்டின் அவுட்புட் எரியும், அல்லது ஒயரே கருகும். கையேட்டில் ‘பாசிட்டிவ் வண்டிக்கு இப்படிச் சேர்க்கவும்’ என்று சொல்லிவிட்டு இதை எச்சரிக்காமல் விட்டது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

இதற்குத் தேவை ஐந்து பின் ரிலே இரண்டு. ரிலே என்பது சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டை மாற்றிவிடும் சுவிட்ச். ரிலேயின் அடியில் இருக்கும் 30, 85, 86, 87, 87ஏ என்ற எண்கள் டிஐஎன் 72552 என்ற ஜெர்மானியத் தரத்திலிருந்து வந்தவை. அதனால் எந்தக் கடையில் வாங்கினாலும் எண்களின் பொருள் மாறாது, தைரியமாக நம்பலாம். லாக் ஒயரை வெட்டி, மோட்டார் பக்க முனையை 30க்கும், சுவிட்ச் பக்க முனையை 87ஏ-க்கும் கொடுத்தேன். 87க்குத் தனி ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ். ரிலேயை இழுக்கும் சுருளின் இரண்டு முனைகளில், 86க்குச் சாக்கெட்டின் சிவப்பு ஒயர், 85க்குப் பச்சை. அன்லாக் ஒயருக்கு இன்னொரு ரிலே, அதற்கு நீலம். ரிலே சும்மா இருக்கும்போது 30உம் 87ஏ-வும் சேர்ந்தே இருப்பதால் பழைய சுவிட்ச் எப்போதும்போல வேலை செய்யும். ரிமோட்டில் பூட்டினால் லாக் ரிலே மட்டும் இழுத்து மோட்டாரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் கொடுக்கும். மறுமுனை அடுத்த ரிலேயின் 87ஏ வழியாகச் சுவிட்சுக்குள் இருக்கும் எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் பாயும் பாதை ஒரு சுற்றாக முழுமையடைகிறது. இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. முதலில் வெட்டுவதற்குத் தயங்குகிறவர்கள் அவசியம் வரைந்து பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: அன்லாக் நேரத்தில் பச்சை பாசிட்டிவ் தருகிறதே, லாக் ரிலே அதனால் குழம்பாதா? குழம்பாது. சுருளின் இரண்டு முனையிலும் பாசிட்டிவ் இருந்தால் அதில் கரண்ட் ஓட வழியில்லை. சாதாரண 12 வோல்ட் ரிலேயின் சுருள் 150 மில்லி ஆம்பியர் அளவுதான் எடுக்கும். கிட்டின் அவுட்புட் அதைச் சுலபமாகத் தாங்குகிறது. ஆனால் ரிலே இல்லாமல் அந்த மெல்லிய ஒயரால் நேராகக் கதவு மோட்டாரை ஓட்ட முயலக் கூடாது. நாலு கதவு மோட்டாரும் ஒன்றாக இழுக்கும் அந்த நொடியில் தேவைப்படும் கரண்ட்டே வேறு. பூட்டு மோட்டாரே இல்லாத கதவுக்குப் புதிதாக மோட்டார் போடுகிறவர்களும் இதே இரண்டு ரிலேயைத்தான் பயன்படுத்த வேண்டும். சுவிட்ச் இல்லை என்பதால் 87ஏ இரண்டும் நேரே எர்த்துக்குப் போகும்.

வேறு சில வகைகளையும் சொல்லிவிடுகிறேன். சில வண்டிகளில் லாக்குக்கும் அன்லாக்குக்கும் ஒரே ஒயர்தான். ஒன்றுக்கு நேரடி எர்த், மற்றதற்கு ரெசிஸ்டர் வழியாக எர்த். வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து வண்டி புரிந்துகொள்ளும். அதில் இந்தக் கிட்டின் பச்சையையும் நீலத்தையும் ஒன்றாக முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள். ஒன்று எர்த் தரும் அதே நொடியில் மற்றது பாசிட்டிவ் தருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அங்கேயும் இரண்டு ரிலே போட்டு, எர்த்தையும் ரெசிஸ்டரையும் 87 வழியாகக் கொடுப்பதுதான் வழி. காற்று உறிஞ்சும் குழாயால் பூட்டும் பழைய மெர்சிடிஸ் போன்ற வண்டிகளுக்கு நீண்ட சைகை வேண்டும். கிட்டில் 0.8 நொடி, 3.5 நொடி என்று இரண்டு அளவு இருப்பது நல்ல விஷயம். மற்றவர்கள் 0.8இலேயே விட்டுவிடலாம்.

இன்றைய வண்டிகள் பலவற்றில் பூட்டுச் சைகை தனி ஒயரில் வருவதே இல்லை. போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கேன் முறையில், இரண்டு முறுக்கிய ஒயரில் எல்லாச் செய்தியும் ஓடுகிறது. அத்தகைய வண்டிக்கு அந்த மாடலுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் ஏற்றிய பைபாஸ் மாட்யூல் வாங்கினால் பூட்டு, அலாரம், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இந்தக் கிட்டில் அதற்கு ஒரு டேட்டா சாக்கெட் உண்டு. மாட்யூல் தனியாக வாங்க வேண்டும். மீட்டரில் இரண்டு மூன்று வோல்ட் சுற்றி நடுங்கிக்கொண்டிருக்கும் முறுக்கு ஒயரைக் கண்டால், அதைச் சீவவோ எர்த்தில் தொடவோ வேண்டாம்.

அண்ணன் கார் மேனுவல் கியர் என்று சொன்னேன். கியரில் நிற்கும் வண்டியை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் அது பாய்ந்து முன்னால் போகும். அதனால் கிட் ஒரு முறையைக் கட்டாயமாக்குகிறது: எஞ்சின் ஓடும்போதே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ரிமோட்டில் அதற்கான பட்டனை அழுத்திவிட்டுச் சாவியை எடுக்க வேண்டும். எஞ்சின் நிற்காது. இறங்கிக் கதவைச் சாத்தி ரிமோட்டில் பூட்டினால்தான் நிற்கும். அதன்பிறகு எந்தக் கதவாவது திறந்தால், யாரோ உள்ளே போய்க் கியரைத் தொட்டிருக்கலாம் என்று கருதி அடுத்த ரிமோட் ஸ்டார்ட்டைக் கிட் மறுத்துவிடும். கிட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆளின் கவனத்தை மட்டும் நம்பாமல், கதவையே சாட்சியாக வைக்கிறார்கள்.

ஆனால் அது கதவு திறந்ததை அறிய வேண்டுமே. கையேடு ‘டோர் டிரிகர் ஒயரைக் கதவுச் சுவிட்சில் சேர்க்கவும்’ என்கிறது. எந்தக் கதவு என்று சொல்லவில்லை. ஓட்டுநர் கதவில் மட்டும் சேர்த்தால், மற்ற மூன்று கதவு வழியாக யார் ஏறினாலும் கிட்டுக்குத் தெரியாது. அண்ணன் காரில் ஒவ்வொரு கதவுக்கும் தனி ஒயர் என்பதால், நாலிலிருந்தும் ஒவ்வொரு டயோடு வழியாக எடுத்து ஒன்றாக்கி டிரிகர் ஒயரில் சேர்த்தேன். டயோடு இல்லாமல் சேர்த்தால் ஒரு கதவைத் திறந்ததும் நாலும் திறந்ததாக வண்டி எண்ணிக்கொள்ளும்.

பிறகு கிட்டை அந்த நிலையில் வைத்து, பூட்டி, ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, ஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தோம். முன்கதவு இரண்டிலும் மறுத்தது. இடப்பக்கப் பின்கதவிலும் மறுத்தது. வலப்பக்கப் பின்கதவைத் திறந்து மூடியபோது மட்டும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. கதவுச் சட்டத்தில் இருந்த பித்தளைச் சுவிட்சைக் கழற்றினால், உள்ளே துருவேறி, அழுந்தியபடியே இறுகிக் கிடந்தது. உள்விளக்கு அந்தக் கதவுக்கு எரியாமல் இருந்ததை யாரும் இதுவரை பொருட்படுத்தவில்லை. புதுச் சுவிட்ச் போட்டு, நாலு கதவையும் மறுபடி முதலிலிருந்து சோதித்த பிறகுதான் அப்பா அண்ணனிடம் ரிமோட்டைக் கொடுக்கச் சொன்னார்.